தோணிச் சுக்கான் வைத்த ஏரோப்ளேன்

எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் கட்டைவிரலால் அதன் முன்பாதியை மறைத்துக்கொள்வார். விமானத்தின் மூக்கு, விசிறி, பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் தொப்பிக்காரத் துரை எல்லாம் அந்த விரலுக்கு அடியில் போய்விடும். மிச்சமிருக்கிற வாலை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். எதிரே இருப்பவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

"மூஞ்சியை எவன் வேணும்னாலும் மாத்தி வச்சிக்கிடலாம் தம்பி. வாலுதான் ஆளைக் காட்டிக் குடுக்கும்" என்பார்.

தூத்துக்குடியில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பிளேன் அண்ணாச்சி என்றால் துறைமுகத்துக் கூலியிலிருந்து கஸ்டம்ஸ் ஆபீசர் வரை எல்லோருக்கும் தெரியும். தொழில் என்னவோ சங்கு. கடலில் மூழ்கிக் குளித்தெடுத்த சங்கை வாங்கி, வளையல் அறுப்பதற்காகக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றும் கமிஷன் வியாபாரம். உள்ளே இருக்கும் சதை அழுகி வெளியே வந்த பிறகுதான் சங்கைக் கழுவ முடியும். அவர் கிடங்கைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். அவர் மட்டும் அந்த நாற்றத்துக்கு நடுவே முக்காலி போட்டு, மடியில் படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. சரக்குக் காகிதங்களில் கையெழுத்து வாங்க அவர் கிடங்குக்குப் போய்ப் போய்ப் பழக்கமாயிற்று. முதல் தடவை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நுழைந்தவன்தான். எப்போது அதை எடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும் துரைமார்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் போடுவார்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் மற்றவர்கள் மோதிக்கொள்ளும்போது இவர் பழைய ஆல்பங்களைக் கேட்பார். போட்டியே இருக்காது. கப்பல் பட்லர்களும் சில படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் ஆதிகாலத்து விமானங்கள். முதல் உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் மரமும் துணியும் கம்பியுமாகக் கட்டி, ஒன்றிரண்டு பறக்கவிட்டுப் பார்த்துக் கைவிட்டவை. படத்தின் அடியில் எந்த ஊர், யார் செய்தது என்று ஒரு வரி இருக்காது. இங்கிலீஷ் பத்திரிகைகளின் பழைய கட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர் அதற்குப் பெயர் தேடுவார். வாலில் ஆரம்பித்து, சிறகுகளுக்கு நடுவே நிற்கும் கம்புகளை எண்ணி, சக்கரத்துக்கு முன்னால் சறுக்குக்கட்டை உண்டா என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்.

ஒரு படத்தில் வயலில் பெருங்கூட்டம். கூட்டத்தின் தலைக்கு மேல் வால் மட்டும் தெரியும், புறா வால் மாதிரி விரிந்துகொண்டு. அது ஜெர்மன்காரனின் டௌபே விமானம்தான் என்று நான் சாதித்தேன். அவர் ஒப்பவில்லை.

"டௌபேயைப் பார்த்து வேற எவனோ செஞ்சிருக்கான். இந்த ஓரத்துத் தையலைப் பாரு, அவன் இப்படித் தைக்க மாட்டான்" என்றார்.

அந்த எவனோ யார் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. கண்டுபிடித்த அன்று எனக்குக் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஊரில் யாருக்கும் வேண்டாத ஒரு பெயர்தான். ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

பெயர் தெரிந்த படத்தின் முதுகில் பென்சிலால் எழுதி நிமிர்த்தி அடுக்குவார். தெரியாத படம் குப்புறக் கிடக்கும். "பேரு இல்லாதது மூஞ்சியைக் காட்டப்பிடாது" என்பது அவர் சட்டம். அப்படிக் குப்புறக் கிடந்தவை நிறைய உண்டு. ஆனாலும் எந்தப் படத்தைப் பற்றியும் அவர் "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னும் பாக்கணும்" என்பார். இல்லையென்றால் "அது படத்துல இல்ல" என்பார். "தெரியாது" என்பது பார்க்கச் சோம்பல்படுகிறவன் சொல்லுகிற சொல் என்று அவருக்கு எண்ணம். படத்தில் மட்டுமில்லை, மழை வருமா, சங்கு விலை ஏறுமா என்று எதைக் கேட்டாலும் அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வராது.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் எங்கள் ஊர் பாதி காலியாகிவிட்டது. வண்டி வைத்திருந்தவர்கள் வண்டியிலும் இல்லாதவர்கள் நடந்தும் உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். ஒரு நாள் மத்தியானம் மேலே இரைச்சல் கேட்டது. தெருவில் இருந்த நாங்கள் சாக்கடைக்குள் குதித்தோம். பிளேன் அண்ணாச்சி கிடங்கின் கூரைமேல் ஏறி, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அது தலைக்கு மேலே வந்து தாண்டிப் போகும்வரை அசையவில்லை.

"நம்ம ஆளுதான். எந்திரிச்சுப் போயிச் சோத்தைத் தின்னுங்கலே" என்று மேலேயிருந்து கத்தினார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாலைப் பார்த்தாராம். அன்றிலிருந்து ஊரில் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அவர் சொன்னால் சரிதான் என்று ஆயிற்று.

அந்த மரியாதையில் ஒரு ஆளே அழிந்துபோனார். எங்கள் காப்பிக்கடைக்கு ஒரு பென்ஷன்காரர் வருவார். முதல் சண்டையில் பாஸ்ராவுக்குப் பட்டாளத்தோடு போய் வந்தவர். கேப்டன் துரை தன்னைப் பின்னால் உட்காரவைத்துப் பறந்ததைத் தினமும் சொல்லுவார், நாங்களும் தினமும் கேட்போம். ஒரு நாள் பெட்டியைக் குடைந்து படத்தையே கொண்டுவந்துவிட்டார். விமானத்தில் கைவைத்துக்கொண்டு இளவயசில் நிற்கிறார். அண்ணாச்சி வாங்கி விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார்.

"இதுல எஞ்சினே இல்லையே வே. கீழ விழுந்து, எஞ்சினைக் கழத்திக்கிட்டுப் போன பெறவு எடுத்த படம்லா இது."

கடை முழுக்கச் சிரித்தது. பென்ஷன்காரர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். அதன்பிறகு அவர் கடைக்கு வரவேயில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த வருஷம் செத்துப்போனார். எனக்கு அண்ணாச்சிமேல் ஆத்திரமாக வந்தது. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகட்டுமே, உமக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேவிட்டேன்.

"வாயால சொன்னவரைக்கும் நான் ஏதாச்சும் கேட்டனா? படத்தைக் குடுத்தாருலே. படத்தைக் கையில வாங்கிட்டு நான் எப்படி வேற சொல்லுவேன்?"

வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பது அவர் புத்தியில் ஏறவேயில்லை. பென்ஷன்காரரை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டத்துக்கு என்னோடு வந்து கடைசிவரை நின்றார்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை ஏரலில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் ரங்கூனில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதப் போனார். வருகிறேன் வருகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தவர், ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு எழுதவில்லை. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. போய்விட்டான் என்று ஏரலில் முடிவு கட்டினார்கள். அவருடைய தம்பிக்குப் பெண் பார்த்துவைத்திருந்தார்கள். மூத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் வீட்டில் நல்ல காரியம் எப்படி நடத்துவது என்று மாமியார் கேட்டாள். அக்கா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு முடியாது என்றாள். பேச்சு முற்றி, பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்யாணமாகாத நான் ஒருவன்தான் அவளுக்குப் பிறந்தகம்.

அதற்குப் பிறகு, நான் ஆபீஸில் இருந்த ஒரு பகலில், முன்பின் தெரியாத ஒரு ஆள் வாசலில் வந்து நின்று அக்காவின் கையில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்திருக்கிறான். "சுகமா இருக்காராம். தேட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, இவளுக்கு வாய் வருவதற்குள் போய்விட்டான்.

படத்தில் அத்தான் ஒரு விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். இரட்டைச் சிறகு விமானம். ஒரு கையை வெளியே தொங்கவிட்டிருந்தார். இளைத்திருந்தார், புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார். அக்கா அந்தக் கண்ணாடியையே தடவித் தடவிப் பார்த்தாள்.

சண்டை நடக்கிற காலம். விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார், கடிதம் இல்லை, தேட வேண்டாம் என்கிறார் என்றால் வேறு என்னவாக இருக்கும்? பட்டாளத்தில் விமான வேலையில் சேர்ந்துவிட்டார், இருக்கும் இடத்தைச் சொல்ல உத்தரவில்லை என்று நாங்கள் தீர்மானித்தோம். அக்கா குங்குமத்தைக் கொஞ்சம் அகலமாக வைக்க ஆரம்பித்தாள். ஏரலுக்குப் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டும் வந்தாள். மாமியார் நம்பியும் நம்பாமலும் கருமாதியைத் தள்ளிவைத்தாள்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஆபீஸில் எனக்குத் தெரிந்த ஒருவரை விசாரித்தேன். அது என்ன மாதிரி விமானம் என்று தெரிந்தால், அந்த ரகம் இருக்கும் முகாம்களில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதுக்குத்தான் ஒங்க அண்ணாச்சி இருக்காரே" என்றாள்.

நான் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி வழக்கம்போல விரலை வைத்தார். அத்தானின் முகம் மறைந்தது. வாலைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுக்கப்போன கை பாதியில் நின்றது. பிறகு படத்தை மடியில் குப்புற வைத்தார்.

"இன்னும் பாக்கணும்" என்றார்.

வாரங்கள் போயின. அக்கா தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். நான் அண்ணாச்சியைக் கேட்பேன். இன்னும் பார்க்கணும். மற்றப் படங்கள் மடியில் இருக்கும், இந்தப் படம் மட்டும் இருக்காது. அதைத் தனியே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஏதோ அபூர்வமான ரகம் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் அக்கா ஒரு நாள் தானே புறப்பட்டு என்னோடு கிடங்குக்கு வந்துவிட்டாள். மூக்கை மூடக்கூட இல்லை. சங்கு கழுவும் பெண்களைத் தாண்டி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன ஏரோப்ளேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நல்லதோ கெட்டதோ சொல்லுங்க. நான் தெனமும் அரைகுறையாத் தூங்குதேன்."

அவர் முக்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இது பறக்காது தாயி. பலகை."

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்.

"போட்டோக் கடையில வைக்குத பலகை. பின்னால ஸ்டூலைப் போட்டு ஆளை உக்காரவச்சு எடுப்பாங்க. நான்தான் எழுதினேன். வாலிபத்துல கொழும்புல போர்டு எழுதிக்கிட்டு இருந்தேன். ஒரு போட்டோக் கடைக்காரன் ஏரோப்ளேன் எழுதிக் குடுன்னு ஒரு பத்திரிகைப் படத்தைக் குடுத்தான். அதுல வால் பக்கம் கிழிஞ்சு போச்சு. நான் அதுவரைக்கும் ஏரோப்ளேனைக் கண்ணால கண்டது கிடையாது. பின்னால என்ன இருக்கும்னு யோசிச்சேன். தோணிக்கு என்ன இருக்கு? சுக்கான். அதையே எழுதிட்டேன். பாருங்க, சுக்கான் மாட்டுத கீலுகூட எழுதியிருக்கேன்."

பார்த்தோம். அவர் சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. விமானத்தின் பின்பக்கத்தில் எங்கள் துறைமுகத்துத் தோணிச் சுக்கான் ஒன்று, கீலும் பிடியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு கப்பல் எஞ்சினியர் படம் எடுக்க வந்தவன் அதைப் பார்த்துட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். இத்தனை வருஷமும் அவர் ஏன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "அந்தப் பலகை இப்பம் எங்க இருக்கு?" என்றாள்.

"கொழும்புலதான். கீழ தரையைப் பாருங்க, கருப்பும் வெள்ளையுமாக் கல்லு. அதே கடைதான்."

"இவரு ரங்கூன் போகையில கண்ணாடி போடலியே."

"அப்பம் அதுக்குப் பெறவு எடுத்ததுதான்."

"ரங்கூன்ல இருந்தவரு கொழும்புக்கு எப்படி வந்தாரு?"

"அது படத்துல இல்ல தாயி."

அக்கா படத்தைத் திருப்பினாள். பிறகு அதன் வலது ஓரத்தில் விரலை ஓட்டினாள். மற்ற மூன்று ஓரமும் நேராக இருந்தன. விமானத்தின் மூக்கு இருக்க வேண்டிய அந்த ஓரம் மட்டும் கத்தரியால் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் அத்தனை நாள் பார்த்தும் பார்க்காத ஓரம்.

"இங்கன வெட்டியிருக்கே அண்ணாச்சி. இந்தப் பக்கம் என்ன இருக்கும்?"

அவர் சங்குக் குவியலைப் பார்த்தார். அதுவும் படத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையாகவும் இருந்திருக்கும். சொல்லிவிடமாட்டாரா என்று நான் தவித்தேன்.

"இன்னொரு சீட்டு" என்றார். "ரெண்டு பேரு உக்காருத மாதிரி எழுதினது. புருசன் பெண்டாட்டி சேந்து எடுக்கதுக்கு. ஒத்தையா உக்காந்தா மத்த ஓட்டை வழியாப் பின்னால சுவரு தெரியும்னு கடைக்காரன் எடுக்க மாட்டான்."

அக்கா படத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பாதி வழியில் நின்று, "ஏலே, நாளைக்கு ஏரலுக்குப் போயிச் சொல்லிட்டு வா. கருமாதியைச் செஞ்சிருவோம்" என்றாள்.

"உசுரோட இருக்கவருக்கா?"

"யாரு சொன்னா உசுரோட இருக்காருன்னு? அந்தப் படத்துல இருக்கவரு யாரோ. எம் புருசன் காட்டு வழியா நடந்து வாரப்ப செத்துட்டாரு. அம்புட்டுப் பேரு செத்தாங்களே, அதுல ஒருத்தரா இருந்துட்டுப் போகட்டும். செத்தவன் பெண்டாட்டின்னா ஊரு பாவம்னு சொல்லும். விட்டுட்டுப் போனவன் பெண்டாட்டின்னா என்ன சொல்லும்னு ஒனக்குத் தெரியாதா?"

அவள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது, மாமியாருக்கும்கூட. படத்தில் இருந்தது வேறு ஆள் என்று மட்டும் ஏரலில் சொல்ல வேண்டும்.

ஏரலில் தாமிரபரணிக் கரையில் பொம்மை கட்டி எரித்தார்கள். மாமியார் மணலில் விழுந்து புரண்டு அழுதாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த நான் பக்கத்தில் நின்று அவள் தலையில் படிந்த மண்ணைத் தட்டிவிட்டேன். அதைவிடக் கொடிய காரியம் என் ஆயுளில் நான் செய்ததில்லை. அக்கா தாலியைக் கழற்றக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

அண்ணாச்சியும் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று பொம்மை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பான பேரை எழுதுதோம் தம்பி" என்றார் என் காதோரம். ஆனால் தடுக்கவில்லை. யாரும் அவரிடம் படத்தைக் கொடுத்துக் கேட்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது வெள்ளைச் சேலையில் இருந்த அக்கா அவரிடம் வந்தாள். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

"குப்புறத்தான் கிடக்கும் தாயி. அதுக்குப் பேரு கிடையாது."

"கிடக்கட்டும்."

தம்பிக்காரன் கல்யாணம் நடந்தது. மாமியார் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது. பிளேன் அண்ணாச்சிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, ஆனாலும் மடியில் படங்கள் இருந்தன. அக்கா வீட்டிலேயே பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தோம்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார்.

கையில் ஒரு டிரங்குப் பெட்டி. தலை நரைத்திருந்தது. மூக்கில் அதே கண்ணாடி. "மாப்ள" என்றார். எனக்கு அவர் கழுத்தைப் பிடித்துத் தெருவில் தள்ள வேண்டும் போலிருந்தது. தள்ளாமல் வழிவிட்டு நின்றேன். ஏரலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். அங்கே அவருடைய சொந்தத் தம்பியே, "எங்க அண்ணனை எரிச்சு வருசமாச்சு, நீரு யாருவே?" என்று கேட்டிருக்கிறான். பங்கு கேட்க வந்தவன் என்று பயம்.

"அம்மா எப்பம் போனா?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கொழும்பில் இனி நம் ஆட்கள் இருக்க முடியாது என்றார். அவளும் போய்விட்டாள் என்றார். யார் அவள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் வெள்ளைச் சேலை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அவரிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாள்.

"இவரு குடுத்துவிட்ட படம் அண்ணாச்சிகிட்ட இருக்கு. கூட்டிக்கிட்டுப் போ. படத்தையும் ஆளையும் பார்த்து இவருதான்னு அண்ணாச்சி சொன்னா நான் ஒத்துக்கிடுதேன். ஊரும் ஒத்துக்கிடும். அவரு சொல்லை ஏரல்லகூட யாரும் தட்ட மாட்டாங்க."

அவள் நிலைமை எனக்கு விளங்கியது. வந்தவரைப் போ என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, வா என்று சொல்லவும் முடியவில்லை. அண்ணாச்சி சொல்லிவிட்டால் வெள்ளையை மாற்றிவிட்டு இந்த மனுஷனுக்கு உலை வைக்க வேண்டியதுதான். அண்ணாச்சி உள்ளதைச் சொல்லாமல் இருக்கவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பென்ஷன்காரர் கதையை நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் அனுப்பினாள். அத்தானுக்கு முகம் தெளிந்துவிட்டது.

கிடங்கில் அண்ணாச்சி முழுதும் கேட்டுக்கொண்டார். தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தார். கட்டைவிரலை வைத்தார்.

இந்தத் தடவை விரல் வாலை மறைத்தது. நான் பார்த்து அவர் ஒரு படத்தில் முகத்தைப் பார்த்தது அன்றுதான். பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய்ப் படத்து முகத்தைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து எதிரே நின்ற முகத்தைப் பார்த்தார். அத்தான் வெளிச்சத்துக்கு நகர்ந்து வசதியாக நின்றுகொண்டார்.

"நான்தான் அண்ணாச்சி. பாருங்க, கண்ணாடிகூட அதேதான்."

சங்கு கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றார் அண்ணாச்சி.

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். தெரியாது."

படத்தைப் பெட்டிக்குள் குப்புற வைத்து மூடினார். அத்தான் என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீயாவது சொல்லு" என்றார். நான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். அத்தான் அதை வாங்கிக்கொண்டார். பிறகு வெயிலில் இறங்கி ரயிலடிப் பக்கமாக நடந்தார். அதன்பிறகு எங்கே போனார், என்ன ஆனார் என்று எங்களுக்கு எந்தச் செய்தியும் இல்லை. அன்று எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போது சில நாள் வருகிறது. ஒரு ஆளை மூன்று பேர் சேர்ந்து இல்லாமல் ஆக்கினோம்.

அண்ணாச்சியின் கை பெட்டியின் மேலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு படமும் வாங்கவில்லை. இருந்த படங்களையும் மடியில் எடுத்து வைக்கவில்லை.

"நீ வீட்டுக்குப் போ தம்பி. அங்க ஒன் அக்கா காத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

வீட்டில் கட்டிலின் மேல் பழைய பச்சைச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். என் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"தெரியாதுன்னுட்டாரு."

"யாரு, அண்ணாச்சியா? தெரியாதுன்னா சொன்னாரு?"

"ரெண்டு தடவை சொன்னாரு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆற்றங்கரையில் அழாதவள், தாலி போனபோது அழாதவள், வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தானுக்காக என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன்.

"அந்த மனுசன் வாயில அந்தச் சொல்லை வர வச்சிட்டேனேலே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.